கம்பத்தில் நான் போட்ட விளக்கு

போன மாதம் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் அம்மா எனக்குப் போன் செய்தார். வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறதாம். என்னோடு வேலை பார்த்த யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

"ஐயா, எனக்கு ஸ்கெட்ச் போடவே வரலீங்கய்யா. இப்பல்லாம் செல்லுலயே வீடியோ எடுத்துடறோம். ஆனா கையால போடற படமும் கேஸ் கட்டுல இருக்கணும்ங்கறாங்க. நான் போட்ட வூட்ட பாத்துட்டு ஸ்டேஷனே சிரிக்குது. நீங்க அந்தக் காலத்துல ஸ்கெட்ச்ல பெரிய ஆளாமே? வரையவே தெரியாதவங்க எப்டி கத்துக்கறதுன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்கய்யா."

பெரிய ஆள் என்றதும் இந்தக் கிழவனுக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்துபோனது உண்மைதான். சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு நோட்டு வாங்கி வந்து, முதல் பக்கத்தில் 'வடக்குத் திசையை முதலில் குறிக்கவும்' என்று எழுதினேன். அதற்குமேல் பேனா நகரவில்லை. நாலு நாள் நோட்டு அப்படியே கிடந்தது. ஐந்தாம் நாள் உட்கார்ந்து எழுதியது இது. அவர் கேட்டது ஒன்று, நான் எழுதியது ஒன்று என்று ஆகிவிட்டதற்கு அம்மா என்னை மன்னிக்க வேண்டும்.

போலீஸ் வேலை தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். ஒரு குற்றம் நடந்தால், நடந்த இடத்துக்குப் போய் இரண்டு காரியம் செய்வோம். அங்கே கண்ணால் கண்டதை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதுவது பார்வை மகஜர். அதே இடத்தைக் காகிதத்தில் வரைவது மாதிரி வரைபடம். எங்கள் பேச்சில் ஸ்கெட்ச். வடக்கை மேலே வைத்து ஒரு அம்பு. ரோடு, வீடு, கிணறு, மரம் எல்லாவற்றுக்கும் ஒரு எண். ஓரத்தில் எந்த எண் எது என்று ஒரு பட்டியல். கடைசியில் இன்ஸ்பெக்டர் கையெழுத்து. கோர்ட்டில் இருக்கும் நீதிபதி அந்த இடத்துக்கு வரப்போவதில்லை. அவருக்கு அந்த இடம் என்றால் அந்தக் காகிதம்தான்.

நான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக்காரன். அப்பா மூட்டை தூக்கினார், அம்மா களை எடுக்கப் போனாள். பத்தாவது முடித்துவிட்டு ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் தேறிப் போலீசில் சேர்ந்தேன். பயிற்சியில் லத்தி பிடிக்கவும் சல்யூட் அடிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். பென்சில் பிடிக்க யாரும் சொல்லித்தரவில்லை. மலையடிவாரத்துப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் போட்டார்கள். அதன் பேர் இங்கே வேண்டாம்.

எங்கள் இன்ஸ்பெக்டர் பேரும் வேண்டாம். போலீஸ் அதிகாரி என்றால் மீசையும் கெட்ட வார்த்தையும்தான் என்று நினைப்பவர்கள் அவரைப் பார்த்திருக்க வேண்டும். குரல் எழும்பாது. கான்ஸ்டபிள்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். டீ வந்தால் முதல் கிளாஸை நமக்குத் தள்ளுவார். ஆனால் கேஸ் கட்டில் ஒரு காகிதம் கோணலாக இருந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஸ்கெட்சை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு நேரே தூக்கி, உதடு அசைய அந்தப் பட்டியலை ஒவ்வொரு எண்ணாகப் படிப்பார். அவருக்கு ஆகாத ஒன்று காகிதத்தில் வெற்றிடம். "வெத்தா வுட்டா வக்கீல் பூந்துடுவான் தம்பி" என்பார்.

அதுவரை ஸ்கெட்ச் போட்டுவந்த ஸ்டேஷன் ரைட்டருக்குக் கண் மங்கி வந்த சமயம். ஒரு பாத்திரத் திருட்டில் என்னை ஸ்கெட்ச் போடச் சொன்னார்கள். போட்டேன். இன்ஸ்பெக்டர் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஒரு பக்கம் திருப்பினார், இன்னொரு பக்கம் திருப்பினார்.

"தம்பி, இது வூடா, தீப்பெட்டியா?"

அவர் நக்கலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே சந்தேகமாகக் கேட்டார். அதுதான் கொடுமை. ஸ்டேஷனே கொல்லென்று சிரித்தது. அன்றிலிருந்து எனக்குத் 'தீப்பெட்டி' என்று பேர். லாக்-அப்பில் இருந்தவன் கூட, "தீப்பெட்டி சார், கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டேஷனில் கிடந்த பழைய ஃபாரங்களை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தேன். ஆறு மாதம் வரைந்தும் லோட்டா லோட்டாவாக வரவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குச் சொல்கிறேன், வெறுமனே கையை ஓட்டிக்கொண்டிருந்தால் கை வேகமாகும், படம் நன்றாகாது.

அப்போதுதான் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டங்கள் தொடங்கின. எங்கள் பக்கத்து ரோடெல்லாம் இரண்டு ஓரமும் புளியமரம். அதை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டால் பஸ் நின்றுவிடும். பகல் முழுக்க மறியல், கைது. கைது செய்தவர்களைக் கல்யாண மண்டபத்தில் உட்கார வைப்போம், சாயங்காலம் விட்டுவிடுவோம். மண்டபத்து வாசலில் காவல் என்றால் வேலை ஒன்றும் கிடையாது. சாப்பாட்டுப் பொட்டலம் வரும்வரை எல்லாரும் கொட்டாவி விட்டுக்கொண்டு கிடப்போம்.

அப்படி ஒரு நாள் மண்டபத்து நாற்காலி ஒன்றை எதிரே போட்டு வரைந்துகொண்டிருந்தேன். கைதாகி உட்கார்ந்திருந்த ஒருத்தர் எட்டிப் பார்த்தார். என் வயதுதான் இருக்கும். விரல் இடுக்கிலெல்லாம் பெயிண்ட். கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர்.

"இன்னா சார் வரையறீங்க?"

"பாத்தா தெரியல? நாற்காலி."

"கோச்சிக்காதீங்க சார். இங்கேர்ந்து பாத்தா மூணு காலுதான் தெரியுது. நீங்க நாலு போட்டிருக்கீங்க."

"நாற்காலிக்கு நாலு காலு இல்லாம இன்னாய்யா?"

"அது உங்க மனசுல இருக்கற நாற்காலி சார். எதுத்தாப்புல இருக்கற நாற்காலிய நீங்க இன்னும் பாக்கவே இல்ல. தெரியாத கால எதுக்கு போட்டீங்க?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆனால் அந்த ஆள் சொன்னது சரி. நாலாவது கால் முன்காலுக்குப் பின்னால் மறைந்திருந்தது. அவர் என் பென்சிலை வாங்கி, "காலயே போடாதீங்க. காலுக்கு நடுவுல வெத்தா தெரியுதே சந்து, அத போடுங்க. சந்து சரியா வந்தா காலு தானா வந்து நிக்கும்" என்றார். கையை நீட்டிப் பென்சிலை நட்டமாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, உயரத்தைக் கட்டைவிரலால் அளந்து எடுப்பது எப்படி என்றும் காட்டினார். சாயங்காலம் அவரை விட்டுவிட்டார்கள். பேரைக் கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நான் வரைந்தது வேறு மாதிரி. மறியலில் நின்றுபோன பஸ்களை வரைந்தேன். பஸ்ஸை வரையவில்லை, இரண்டு பஸ்ஸுக்கு நடுவே தெரிந்த வானத்தை வரைந்தேன். கிளைக்கும் கிளைக்கும் நடுவே உள்ள வெளிச்சத்தை வரைந்தேன். மூன்று மாதத்தில் என் படத்தைப் பார்த்து அது எந்த ஊர் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு ஸ்கெட்சைத் தூக்கிப் பிடித்து, திருப்பாமலேயே படித்து முடித்து, "பேஷ்" என்றார். தீப்பெட்டி என்ற பேர் போயிற்று. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சடையன் கேஸ் வந்தது அந்த வருஷம்தான்.

மலைக்குப் போகிற ரோட்டில், விடிவதற்கு முந்தின இருட்டில், ஒரு புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு வந்த பால்காரர் ஒருவர் அதில் மோதி, கிளை குத்தி அங்கேயே இறந்துபோனார். அதுவரை மரம் வெட்டு என்றால் மறியல் கேஸ். இப்போது ஒரு உயிர் போய்விட்டது. மேலிடத்திலிருந்து மணிக்கொரு தரம் வயர்லெஸ்ஸில் கேட்டார்கள், ஆள் கிடைத்ததா, ஆள் கிடைத்ததா என்று.

மத்தியானத்துக்குள் ஆள் கிடைத்துவிட்டது. கல்வராயன் மலையிலிருந்து கரும்பு வெட்டக் குடும்பத்தோடு இறங்கி வந்து, ரோட்டோரக் கொட்டகையில் தங்கியிருந்த சடையன். முப்பது வயதிருக்கும். அவன் கொட்டகையில் கோடாலி இருந்தது. மலைக்காரன் கொட்டகையில் கோடாலி இல்லாமல் இருக்குமா? ஆனாலும் இருந்தது. அந்த ஊர் விவசாயி ஒருவர், கரண்ட் வந்ததென்று வயல் கிணற்று மோட்டார் போடக் கொல்லைக்குப் போனபோது, கோடாலியோடு சடையன் ஓடியதைப் பார்த்ததாகச் சொன்னார். இட ஒதுக்கீடு என்றால் என்னவென்றே சடையனுக்குத் தெரியாது. ஸ்டேஷனில் அவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்.

"நான் எதுக்கு சாமி மரத்த வெட்டப்போறேன்? எனக்கு இன்னா வந்துச்சி?"

உண்மையில் வெட்டியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சடையன் வெட்டவில்லை என்று சத்தியம் செய்யவும் என்னால் முடியாது. எனக்குத் தெரிந்தது வேறு.

அன்று ஸ்கெட்ச் போட நான்தான் போனேன். சம்பவ இடத்தில் கூட்டம். பிணத்தை எடுத்துவிட்டார்கள், பால் கொட்டிய இடத்தில் ஈ மொய்த்தது. நான் ரோட்டோரம் ஒரு மைல்கல்லின் மேல் உட்கார்ந்து வரைந்தேன். சாய்ந்த புளியமரம் அத்தனை அழகாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். ஆனால் அப்படித்தான் எனக்குத் தோன்றியது. ஒரு மணி நேரம் அதன் கிளைகளை மட்டும் வரைந்தேன். கிளைகளுக்கு நடுவே உள்ள சந்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். ஸ்கெட்சுக்கு அதெல்லாம் தேவையே இல்லை. ஒரு கோடும் ஒரு எண்ணும் போதும். என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவதற்காகப் போட்டேன். பிறகு மோட்டார் கொட்டகை, கிணறு, வரப்பு. சாட்சி நின்ற இடத்திலிருந்து மரம்வரை தப்படி வைத்து எண்ணினேன், நாற்பது. மரத்துக்குப் பக்கத்தில் ஒரு கரண்ட் கம்பம். அதற்கு ஒரு சின்ன வட்டம் போட்டு ஆறு என்று எண் கொடுத்தேன். குனிந்த தலை நிமிரவில்லை.

ஸ்டேஷனுக்கு வந்ததும் இன்ஸ்பெக்டர் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். அவர் முகம் மலர்ந்ததைக் காகிதத்தின் ஓரத்தில் பார்த்தேன். உதடு அசைய ஒன்று, இரண்டு என்று படித்துக்கொண்டு வந்தவர் ஆறில் நின்றார்.

"ஆறு, மின்கம்பம். லைட்டு இருக்குதா தம்பி?"

"ஐயா?"

"அமாவாச இருட்டு. நாப்பது தப்படியில ஆள எப்டி பாத்தான்னு மொதல் கேள்வியே அதான் வரும். கம்பத்துல லைட்டு இருக்குதா, இல்லியா?"

எனக்குத் தெரியாது. நான் மேலே பார்க்கவில்லை. 'பார்க்கவில்லை ஐயா, சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்று சொல்லியிருக்கலாம். போய்வர அரை மணி நேரம். ஆனால் இப்போதுதான் தீப்பெட்டி என்ற பேர் போயிருக்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைந்தவன் கம்பத்தின் தலையைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? ரோட்டோரக் கம்பம், லைட் இருக்கும்தானே என்று மனசு சொன்னது.

"இருக்குதுங்கய்யா."

"அப்ப போடு."

வட்டத்தைச் சுற்றி நாலு சின்னக் கோடு போட்டேன். ஸ்கெட்சில் விளக்குக்கு அதுதான் அடையாளம். பட்டியலில் 'மின்கம்பம்' என்பதற்கு முன்னால் 'தெருவிளக்குடன் கூடிய' என்று சேர்த்தேன். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் சடையன் பெண்சாதி பழனியம்மா ஸ்டேஷனுக்கு வந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. தூக்குச் சட்டியில் சாமைச் சோறு. சடையனை ரிமாண்டுக்கு அனுப்பிவிட்டோம் என்றதும் சட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வாசலில் பாரா நின்ற என்னிடம் வந்தாள்.

"சாமி, லைட்டு வெளிச்சத்துல அவர பாத்ததா சொல்றாங்களாமே. அங்க ஏது சாமி லைட்டு? நாங்க டெய்லி இருட்டுல கால தட்டித் தட்டித்தான் கரும்புக் கொல்லைக்கு போய்க்கினு இருக்கோம். ஒரு தபா போய் பாருங்களேன் சாமி."

எனக்குக் கோபம்தான் வந்தது. "எல்லாம் கோர்ட்ல போய் சொல்லு. இங்க நிக்காத, போ" என்று விரட்டினேன். குழந்தை அழுதது. அவள் ரோட்டைப் பார்க்க நடந்தாள்.

பாரா மாறியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கம்பத்தடியில் இறங்கி, முதல் தடவையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று கம்பி. மோட்டார் கொட்டகைக்குப் போகிற லைன். விளக்கு இல்லை. பல்பு மட்டும் இல்லையென்றால் கலாட்டாவில் யாரோ கல்லெறிந்து உடைத்திருப்பார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். பல்பு மாட்டுகிற இரும்புக் கையே அந்தக் கம்பத்தில் கிடையாது. மாட்டியிருந்த தடம் கூட இல்லை. எவ்வளவு நேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றேனோ, கழுத்து வலித்தது.

அன்றே இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அதை மட்டுமாவது செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் கத்தவில்லை. என்னை உட்காரச் சொன்னார்.

"தம்பி, நீ இருக்குதுன்னு சொன்ன. நான் கையெழுத்து போட்டேன். ஸ்கெட்ச் கோர்ட்டுக்கு போய்டுச்சி. இப்ப போய் மாத்தினா, இன்னா நடக்கும் தெரியுமா? மொத்த கேஸும் பொய்யின்னு ஆவும். செத்தவன் பொண்டாட்டி ரெண்டு கொழந்தையோட நிக்கறா."

"ஐயா, கை கூட இல்லீங்கய்யா அந்தக் கம்பத்துல."

"கலாட்டா டைமு. யாரு எத புடுங்கிக்கினு போனானோ." டீ கிளாஸை என் பக்கம் தள்ளினார். "குடி. ஆறிடப் போவுது."

குடித்தேன். அந்த டீயை நான் குடித்திருக்கக் கூடாது. எழுந்து நின்று, 'தப்பு என் மேல் ஐயா, நான் எழுதிக் கொடுக்கிறேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். என்னை என்ன செய்திருப்பார்கள்? ஒரு மெமோ. மிஞ்சினால் சஸ்பென்ஷன். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. போலீஸ் மாப்பிள்ளை என்றுதான் பெண் கொடுத்தார்கள். இதையெல்லாம் காரணம் என்று எழுதவில்லை, அன்றைக்கு என் தலைக்குள் ஓடியதை எழுதுகிறேன்.

கேஸ் விசாரணைக்கு வர இரண்டு வருஷம் ஆயிற்று. ஜாமீன் எடுக்க ஆள் இல்லாமல் சடையன் அத்தனை நாளும் உள்ளேயே இருந்தான். விசாரணை நாளில் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான். பின்வரிசையில் சுவரோரம் நின்றேன். சடையனுக்கு இலவச சட்ட உதவியில் ஒரு சின்ன வயசு வக்கீல். நல்லவர், ஆனால் சம்பவ இடத்துக்கு ஒரு தடவை கூடப் போகாதவர். அமாவாசை இருட்டில் எப்படி அடையாளம் தெரிந்தது என்று சரியாகத்தான் கேட்டார். "லைட்டு இருந்துச்சிங்க" என்றார் சாட்சி. இன்ஸ்பெக்டர் கூண்டில் ஏறி, ஸ்கெட்ச் தன் மேற்பார்வையில் போடப்பட்டது என்றார்.

நீதிபதி ஸ்கெட்சை எடுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "ரொம்பத் தெளிவா இருக்கே. ஒவ்வொரு கிளையும் தெரியுது. இவ்வளவு கவனமா போட்டவங்க இல்லாத விளக்கையா போடுவாங்க?" என்று வக்கீலிடம் கேட்டார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வினாடி, ஒரே ஒரு வினாடி, எனக்குப் பெருமையாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் படத்தைக் கோர்ட்டே பாராட்டுகிறது என்று நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த வினாடி கூண்டில் நின்ற சடையனைப் பார்த்தேன். அவன் நீதிபதி கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் பழைய தீப்பெட்டிப் படத்தை அன்றைக்குக் கொடுத்திருந்தால் நீதிபதி சிரித்து ஓரமாக வைத்திருப்பார். வக்கீல் ஏதாவது பேசி அவனை மீட்டிருப்பார். ஆறு வருஷம் தண்டனை கொடுத்தார்கள்.

பதினைந்து வருஷம் கழித்து, ஏட்டாக இருந்தபோது, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் வேலை. ஒரு வரப்புத் தகராறில் வெட்டு. ஸ்கெட்ச் போடப் போனேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றதும், நரைத்த தாடியோடு ஒருத்தர் பக்கத்துக் கொல்லையிலிருந்து வந்தார். சொன்ன இடத்தில் சரியாக நின்று, டேப் தொய்யாமல் பிடித்தார். மகஜரில் சாட்சியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று பேர் கேட்டேன்.

"சடையன். ஆனா நான் சாட்சிக்கு ஆவமாட்டேன் சாமி. ஒரு கேஸ்ல உள்ள இருந்துட்டு வந்தவன்."

டேப் என் கையிலிருந்து சுருண்டுகொண்டு ஓடியது. அவருக்கு என்னைத் தெரியவில்லை. தொப்பையும் கண்ணாடியும் வந்திருந்தது எனக்கு.

வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கட்டிலில் உட்கார வைத்து, என் பையிலிருந்த ஸ்கெட்சைப் பார்க்கலாமா என்று கேட்டார். கொடுத்தேன். விரலை வைத்து ரோட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனார்.

"இங்க ஒரு கம்பம் போட்டிருக்கீங்களே சாமி, அதுல பல்பு கெடையாது. பாத்து போடுங்க."

"போடல. பாரு, வெறும் வட்டம்தான்" என்றேன்.

அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தார். அதற்குள் என் ஸ்கெட்ச். குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கோர்ட்டில் கொடுக்கிற காப்பி. மடிப்பெல்லாம் கிழிந்து, சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தது.

"ஜெயில்ல வெச்சி வெச்சி பாப்பேன். கிணறு அப்டியே இருக்குது. மரம் அப்டியே இருக்குது. இது மட்டும் இல்லாதது." நாலு கோட்டின் மேல் விரலை வைத்தார். "யாரு போட்டாங்களோ, நல்ல கை சாமி. இன்ஸ்பெக்டரு போடலன்னு உள்ள ஒருத்தர் சொன்னாரு. போட்டவங்க பேரு இதுல எங்கியும் எழுதமாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"உங்களுக்கு தெரியுமா சாமி, யாருன்னு?"

"தெரியாது" என்றேன்.

அப்போது பழனியம்மா தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். கொடுக்க நீட்டிய கை பாதியில் நின்றது. என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க அந்த ஸ்டேஷன்ல பாரா நின்னவருதான?"

நான் தலையசைத்தேன். என்னை விரட்டினாயே என்று கேட்பாள், கேட்கட்டும், ஒரு சொம்புத் தண்ணீரை மூஞ்சியில் ஊற்றட்டும் என்று நினைத்தேன். அவள் சடையன் பக்கம் திரும்பினாள்.

"சொல்லியிருக்கேன் இல்ல, ஒரு போலீஸ்காரரு போய் பாத்தாருன்னு? இவருதான்." பிறகு என்னிடம், "நீங்க தொரத்தினதும் நான் அங்கதான் பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தேன் சாமி, மரத்துக்கு அந்தாண்ட. நீங்க சைக்கிள்ல வந்து கம்பத்தடியில எறங்கி, மேல பாத்துக்கினே நின்னீங்க. ரொம்ப நேரம் பாத்தீங்க. அப்பாடான்னு இருந்துச்சி எனக்கு. போலீஸே கண்ணால பாத்துட்டாங்க, இனிமே பயமில்ல, அவர வுட்டுடுவாங்கன்னு கொழந்தைய தூக்கிக்கினு மலைக்கு வந்துட்டேன். வக்கீலு கூட தேடல." சொம்பை இன்னும் கையில் வைத்திருந்தாள். "நீங்க போய் சொல்லலியா சாமி?"

சொன்னேன் அம்மா, ஒரு தடவை சொன்னேன், ஒரு டீயோடு அடங்கிவிட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? நான் எழுந்துவிட்டேன். தண்ணீரைக் குடிக்கவில்லை. ஜீப்வரை சடையன் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழனியம்மா வரவில்லை.

அதற்குப் பிறகு ரிடையர் ஆகும்வரை எத்தனையோ ஸ்கெட்ச் போட்டேன். எல்லாக் கம்பத்தின் தலையையும் பார்த்தேன். இருந்தால் இருக்கிறது என்றும், இல்லாவிட்டால் இல்லை என்றும் எழுதினேன். அதனால் சடையனுக்குப் போன வருஷங்களில் ஒரு நாள் கூடத் திரும்பவில்லை.

அம்மா, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வரையக் கற்றுக்கொள்ள முடியும். எனக்கே வந்தது என்றால் உங்களுக்குக் கட்டாயம் வரும். தினம் ஒரு பொருளை எதிரே வைத்து, அதன் சந்துகளைப் போடுங்கள். நீட்டிய கையில் பென்சிலைப் பிடித்து அளந்து எடுங்கள். ஸ்டேஷன் மேசையில் வைத்து எதையும் சேர்க்காதீர்கள். சாட்சி சொல்வதைக் கேட்பதற்கு முன்னால் இடத்தைப் பாருங்கள். கேட்டுவிட்டால் கண் அவர் சொன்னதைத்தான் தேடும். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள், ஸ்டேஷன் சிரிக்கட்டும். நன்றாக வரைய வந்த பிறகு இன்னும் பயந்து வரையுங்கள், ஏனென்றால் அப்போதுதான் நம்புவார்கள்.

இந்த நாலு பக்கத்தை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். வெள்ளிமலைக்குப் போகிற வேலை வந்தால் ஒரு காப்பி எடுத்துப் போங்கள். சடையன் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பழனியம்மா இருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, அந்தப் பெண் குழந்தை வளர்ந்திருக்கும், படித்துக் காட்டும். மற்றதெல்லாம் வேண்டாம், கடைசி இரண்டு வரி போதும். ஸ்கெட்சின் ஓரத்தில் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

6. மின்கம்பம். விளக்கு இல்லை.

வரைந்தவர்: இரண்டாம் நிலைக் காவலர் ஏழுமலை.